வீடு எந்தப் பக்கம்

ஜனவரி 9

அன்புள்ள லைட்காரருக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். தங்கைக்கும் பரவாயில்லை. உங்கள் முழங்கால் எப்படி, இருமல் எப்படி என்று தனித்தனியாக எழுதுங்கள். "எல்லாம் நலம்" என்று மொத்தமாகப் பூசி மெழுகவேண்டாம். காலமெல்லாம் அங்கே அரசாங்க ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவளிடம் அது செல்லாது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் "ம்" கொட்டுகிறீர்கள், நான் குரலை உயர்த்துகிறேன், கடைசியில் யார் முதலில் வைத்தது என்று அடுத்த வாரம் வரைக்கும் சண்டை. இது நிதானமாகச் சொல்லவேண்டிய விஷயம். அதனால் எழுதுகிறேன்.

இங்கே வருமான வரி ஆபீஸிலிருந்து எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. இரண்டு வருஷமாக மாதாமாதம் வெளிநாட்டு அரசாங்கத்திடமிருந்து என் கணக்குக்குப் பணம் வருகிறதே, அது என்ன பணம், அதற்கு ஏன் வரி கட்டவில்லை என்று கேட்கிறார்கள். அங்கே பென்ஷன் கொடுக்கும்போதே வரியைப் பிடித்துக்கொண்டுதானே கொடுக்கிறார்கள், இங்கேயும் கட்டவேண்டுமா என்று ஒரு ஆடிட்டரைப் போய்ப் பார்த்தேன். சின்ன வயசுப் பெண். விடாத ஜலதோஷம், ஆனால் தெளிவாகப் பேசுகிறாள்.

"பயப்படாதீங்கம்மா. ரெண்டு பக்கமும் கட்ட வேண்டியதில்ல. ரெண்டு அரசாங்கத்துக்கும் நடுவுல ஒப்பந்தம் இருக்கு. அரசாங்க வேலை பார்த்து வாங்குற பென்ஷனுக்கு, குடுக்குற நாட்டுலதான் வரி. ஆனா வாங்குறவங்க இந்த நாட்டுப் பிரஜையாவும் இருந்து, குடியும் இங்கேயே இருந்தா, வரி இங்க மட்டும்தான். நீங்க எந்த நாட்டுப் பிரஜை?" என்றாள்.

நான் இந்த நாடுதான், அவர்தான் அங்கே மாறிக்கொண்டார் என்றேன். நீங்கள் அந்தப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்த அன்று, ஒருவராவது பழையதை வைத்துக்கொண்டிருப்போம் என்று நான் சொன்னதற்குச் சிரித்தீர்கள். இப்போது பாருங்கள்.

"அப்ப பாக்கி ஒரே கேள்விதான். உங்க வீடு எங்க இருக்கு?"

வீடு அங்கேதான், வீட்டுக்காரர் அங்கேதான் இருக்கிறார், நான் தங்கைக்கு இடுப்பில் ஆபரேஷன் என்று வந்தவள், அவளுடைய தையல் கடைக்கு மேலே ஒரு அறையில் தங்கியிருக்கிறேன் என்று சொன்னேன். அப்படியானால் அதற்கு அத்தாட்சி வேண்டுமாம். அங்கே வரி ஆபீஸில், இன்னார் இன்ன விலாசத்தில் குடியிருப்பவர் என்று ஒரு சான்று கொடுப்பார்களாம். அதை வாங்கி, கூடவே நம் வீட்டு வாடகை ஒப்பந்தத்தின் நகலையும் அனுப்புங்கள். குடியிருப்பவர்கள் என்று அதில் இரண்டு பேர் பெயரும் இருக்கும். பச்சை பீரோவில் இரண்டாவது தட்டு.

இன்னொன்று. வீட்டு விலாசத்துக்கு எழுதாமல் உங்கள் ஓய்வூதியர் சங்க ஆபீஸுக்கு எழுதச் சொல்கிறீர்களே, ஏன்? கட்டின புருஷனுக்கு மனு போடுகிற மாதிரி இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்,
எக்ஸ்ரே அம்மா

ஜனவரி 28

அன்புள்ள எக்ஸ்ரே அம்மாவுக்கு,

கேட்டபடியே தனித்தனியாக எழுதுகிறேன். முழங்கால் படி ஏறும்போது மட்டும் பேசுகிறது. இருமல் போய்விட்டது. முன்மண்டையில் மிச்சமிருந்த முடியும் போய்விட்டது, அதை நீ கேட்கவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? தங்கச்சியை அதிகம் நடக்கவிடாதே.

நோட்டீஸுக்கெல்லாம் பயப்படாதே. நாம் யார் வீட்டுக் கூரையையும் பிரித்து இறங்கவில்லை. பாடுபட்ட பணம். சான்றுதானே, அடுத்த வாரமே போய் வாங்கிவிடுகிறேன். இங்கே ஆபீஸ்களைப் பற்றி உனக்குத் தெரியும். முதல் ஜன்னலில் நம்பர் கொடுப்பார்கள், அந்த நம்பரோடு இரண்டாவது ஜன்னலுக்குப் போனால் முதல் ஜன்னலிலேயே கேட்டிருக்கலாமே என்பார்கள்.

சங்க விலாசத்துக்கு ஏன் என்றால், நம் கட்டிடத்தில் கீழே இருக்கிற தபால் பெட்டிகளை எவனோ உடைத்துப் போட்டுவிட்டான். இன்னும் சரிசெய்யவில்லை. வேறு ஒன்றுமில்லை.

வீடு அப்படியே இருக்கிறது. மேல் வீட்டுக்காரர் இன்னும் நாற்காலியை இழுத்துக்கொண்டுதான் இருக்கிறார். இந்தக் குளிருக்கு ஒரே வசதி, கட்டிலில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி டீ போட்டுக் குடித்துவிடுகிறேன். எழுந்திருக்கிற வேலை இல்லை.

நாங்கள் ஏறி மாட்டிய தெருவிளக்கையெல்லாம் மாற்றிவிட்டார்கள். வெள்ளை வெளிச்சம், முகத்தில் அடிக்கிறது. ஏணி வண்டி வேண்டாம், ஆள் வேண்டாம், ஆபீஸில் உட்கார்ந்து ஒருவன் அழுத்தினால் ஊரே எரிகிறது. சந்தைத் தெருவில் நாலு எரியவில்லை. போய்ச் சொன்னேன். "எங்க திரையில எரியுதே" என்கிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

லைட்காரன்

பிப்ரவரி 15

அன்புள்ள லைட்காரருக்கு,

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? நான் சுகம். சொல்லப்போனால் உடம்பு சுகம், மனசு ஓர் இடத்தில் நிற்கவில்லை.

நேற்று வரி ஆபீஸில் கூப்பிட்டிருந்தார்கள். துணைக்குத் தங்கையும் வந்தாள். அதிகாரிக்குப் பெரிய உடம்பு, சின்னக் குரல். மேஜையில் ஒரு ஈரத்துணியை வைத்துக்கொண்டு அடிக்கடி விரலைத் துடைத்துக்கொள்கிறார். மரியாதையாகத்தான் பேசினார்.

"வீடு அங்கன்னா, நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"வந்திருக்கேங்க."

"ரெண்டு வருஷமாவா?"

தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று அவளைக் காட்டினேன். லிப்ட் வேலை செய்யவில்லை என்று அவள் அப்போதுதான் மூன்று மாடியும் எனக்கு முன்னாலேயே ஏறி வந்து, எனக்கு நாற்காலி பிடித்து வைத்திருந்தாள். மூச்சு வாங்கியது நான். அவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எப்ப திரும்பிப் போறீங்க?"

நான் கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அவரே தொடர்ந்தார். "முதல்ல நிரந்தர வீடு எங்கன்னு பார்ப்போம்மா. ரெண்டு பக்கமும் இருந்தா, உறவும் பிழைப்பும் எந்தப் பக்கம் நெருக்கம்னு பார்ப்போம்."

"உறவையுமா வரி ஆபீஸ் பார்க்கும்?"

"சட்டமே அப்படித்தான் இருக்கு. குடும்பம் எங்க, பழக்கவழக்கம் எங்க, சாமான் எங்க."

சாமான் எல்லாம் அங்கே என்றேன். பச்சை பீரோ, பெரிய கட்டில், சமையலறை அலமாரிக்குள்ளே நீங்கள் பொருத்திய குட்டி விளக்கு எல்லாவற்றையும் சொன்னேன். குட்டி விளக்கு எதற்கு, சட்டத்துக்கு அது வேண்டுமா என்று வெளியே வந்ததும் தங்கை கேட்டாள்.

ஜூன் கடைசி வரைக்கும் டைம் கொடுத்திருக்கிறார். அதற்குள் சான்று வரவேண்டும். கிடைத்துவிட்டதா? வீட்டுக்கு வந்ததிலிருந்து உட்கார முடியவில்லை. கீழே கடைக்கும் மேலே அறைக்குமாக நடக்கிறேன். துணி வெட்டுகிற மேஜையைச் சுற்றாதே, சாக்பீஸ் கோடெல்லாம் அழிகிறது என்று திட்டு வாங்கியாயிற்று.

உங்கள்,
எக்ஸ்ரே அம்மா

மார்ச் 8

அன்புள்ள லைட்காரருக்கு,

நலமா? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. போன் செய்தால் "அனுப்பறேன், அனுப்பறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். சான்று வேண்டாம், வாடகை ஒப்பந்தத்தை மட்டுமாவது ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பீரோவைத் திறந்து, எடுத்து, படம் பிடிக்க எவ்வளவு நேரம்? முழங்கால் முடியவில்லை என்றால் அதையாவது சொல்லுங்கள்.

எ.அ.

மார்ச் 24

எக்ஸ்ரே அம்மாவுக்கு,

நான் நலம். கோபப்படாதே என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன். ஆனால் கோபம் எனக்குத்தான்.

தங்கச்சி மூன்று மாடி ஏறுகிறாள், உனக்கு நாற்காலி பிடிக்கிறாள். சந்தோஷம். அப்புறம் நீ அங்கே எதற்கு? எனக்கு எழுதும்போதெல்லாம் "பரவாயில்லை, பரவாயில்லை" என்றே இரண்டு வருஷம் ஓட்டிவிட்டாய். அந்த அதிகாரி கேட்டதைத்தான் நானும் கேட்கிறேன். எப்போது வருகிறாய்? அவருக்குப் பதில் சொல்லாமல் வந்தாயே, எனக்காவது சொல்.

சான்று கொடுக்கிற அம்மாள் லீவில் இருக்கிறாள். அவள் வரட்டும். இல்லாவிட்டால் வரியை அங்கேயே கட்டிவிடேன். எல்லாம் ஒரே கணக்குதான், அங்கே கட்டினால் இங்கே பிடித்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று சங்கத்தில் சொல்கிறார்கள். ஒரு காகிதத்துக்காக என்னை ஏன் இந்த விரட்டு விரட்டுகிறாய்?

மாத்திரையை நிறுத்தாதே.

லைட்காரன்

ஏப்ரல் 3

லைட்காரருக்கு,

மாத்திரையை நிறுத்தவில்லை. உங்கள் உடம்பு எப்படி என்று கேட்கவும் மறக்கவில்லை. இப்போது சொல்லவந்ததைச் சொல்கிறேன்.

ஒரே கணக்கு என்று எனக்கும் தெரியும். எந்தப் பக்கம் கட்டினாலும் ஏறக்குறைய அதே பணம் என்று ஆடிட்டர் முதல் நாளே சொல்லிவிட்டாள். பிறகு எதற்கு அலைகிறேன் என்றால், எனக்கு அந்தக் காகிதம் வேண்டும். நான் உங்கள் வீட்டில் குடியிருப்பவள் என்று, என்னை யாரென்றே தெரியாத ஒருவர் முத்திரை குத்தித் தருகிற காகிதம். உங்களிடம் கேட்டால் "ம்" என்பீர்கள். அந்த "ம்"மை வைத்துக்கொண்டு எனக்கு இனிமேல் காலம் தள்ள முடியாது.

ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். வேலையில் இருந்த வரைக்கும் உங்களுக்கு ராத்திரி ஷிப்ட், எனக்குப் பகல் ஷிப்ட். சண்டை போடக்கூட நேரமில்லை, நன்றாகவே இருந்தோம். இரண்டு பேரும் ஓய்வு பெற்று ஒரே கூடத்தில் உட்கார்ந்த பிறகுதான், நமக்குள் பேச ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது. சாயங்காலமானால் தொப்பியை மாட்டிக்கொண்டு, உங்கள் பொறுப்பே இல்லாத விளக்கெல்லாம் எரிகிறதா என்று பார்க்கக் கிளம்பிவிடுவீர்கள். நீயும் வருகிறாயா என்று ஒருநாள் கேட்டதில்லை. நான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். தங்கைக்கு ஆபரேஷன் என்று போன் வந்தபோது, அக்காவாக நான் பதறியிருக்க வேண்டும். அப்பாடா என்று இருந்தது. அவள் குணமானபோதுதான் பயமாக இருந்தது.

நீங்கள் "எப்போது வருகிறாய்" என்று கேட்டீர்கள், பல தடவை கேட்டீர்கள். "வா" என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. அது வேறு, இது வேறு.

இன்னொன்றும் கேட்கிறேன். கட்டிலில் உட்கார்ந்தபடியே டீ போடுகிறேன் என்று ஜனவரியில் எழுதியிருந்தீர்கள். நம் படுக்கையறையிலிருந்து அடுப்பு இரண்டு கதவு தள்ளி இருக்கிறது. உங்கள் கை அவ்வளவு நீளமா? அங்கே என்ன நடக்கிறது? வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா? மென்று விழுங்காமல் நேராகச் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன்.

எ.அ.

ஏப்ரல் 29

அன்புள்ள எக்ஸ்ரே அம்மாவுக்கு,

நீ நலமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இதைப் படித்த பிறகும் அப்படியே இருக்கவேண்டும்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. நானும் இல்லை. போன வருஷம் ஜூன் மாசமே அந்த வீட்டைக் காலி செய்துவிட்டேன்.

பேட்டரி கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருக்கிறேன். கட்டிலுக்குப் பக்கத்திலேயே அடுப்பு. பச்சை பீரோ கதவு வழியாக நுழையவில்லை. அதைச் சங்க ஆபீஸில் வைத்திருக்கிறார்கள், உள்ளே சந்தா ரசீதுகள். உன் சாமான்களை இரண்டு பெட்டியில் கட்டி என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். தபால் பெட்டியை யாரும் உடைக்கவில்லை. மேலே நாற்காலி இழுக்கிறவர் மட்டும் பொய் இல்லை, இங்கேயும் ஒருவர் இருக்கிறார்.

ஏன் காலி செய்தேன் என்றால், அந்த மூன்று அறை வீட்டில் தனியாக இருக்க எனக்கு வரவில்லை. ஒரு அறையில் விளக்குப் போட்டால் மற்ற இரண்டும் இருட்டாக இருக்கும். மூன்றிலும் போட்டுவிட்டு உட்கார்ந்தால் இன்னும் மோசம். நீ வரப்போவதில்லை என்று நானாக முடிவு செய்துகொண்டேன். உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டு நீ ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது?

இதுகூடப் பரவாயில்லை. இதற்கு மேல்தான் விஷயம். இங்கே வீடு மாறினால் நகராட்சியில் போய்ப் பதியவேண்டும், யார் யார் மாறுகிறார்கள் என்று. ஜன்னலில் இருந்த அம்மாள் கேட்டாள்.

"மனைவியும் உங்ககூட இந்த அறைக்கு வர்றாங்களா?"

"இல்ல."

"பழைய வீட்டுலயே இருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப எங்க?"

பின்னால் வரிசை நின்றது. நான் "போய்ட்டா" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே, நாட்டை விட்டே போனவள் என்று கம்ப்யூட்டரில் தட்டிவிட்டாள். ஊருக்குப் போயிருக்கிறாள், வருவாள் என்று சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் அந்த நிமிஷம் உன் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம்.

பிப்ரவரியில் சான்றுக்காக வரி ஆபீஸுக்குப் போனேன். லீவு அம்மாள் என்று யாரும் கிடையாது. போன அன்றே சொல்லிவிட்டார்கள், இவர் நாட்டை விட்டுப் போய்விட்டதாகப் பதிவாகியிருக்கிறது, குடியிருப்புச் சான்று தரமுடியாது என்று. உன் வீடு எந்தப் பக்கம் என்று உன்னைத்தான் அங்கே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். உன்னைக் கேட்காமல் நான் எப்போதோ பதில் சொல்லி முடித்துவிட்டேன்.

வேறு என்ன எழுத. திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

லைட்காரன்

மே 12

அன்புள்ள அத்தானுக்கு,

தங்கச்சி எழுதிக்கொள்வது. எனக்கு அளவு எழுதித்தான் பழக்கம், கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நான் திடமாக இருக்கிறேன். நீங்கள் திடமாக இருக்கிறீர்களா என்று கேட்கிற மனநிலையில் இல்லை.

உங்கள் கடிதத்தை அக்கா கடையில் நின்றபடியே படித்தாள். மடித்து ஊசிப் பெட்டியில் வைத்தாள். பிறகு, சும்மா இருக்கக்கூடாது, வேலை ஏதாவது கொடு என்றாள். கொடுத்தேன். ஒரு சட்டைக்கு இரண்டு இடது கையைத் தைத்து வைத்திருக்கிறாள். சட்டைக்காரர் வந்து கத்தினார். அக்கா அவரைவிடச் சத்தமாக அழுதாள். அவர் பணத்தையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார், பாவம்.

"எனக்கு எங்கயுமே வீடு இல்லடி" என்றாள். "இது யார் வீடு?" என்று கேட்டேன். "இது உன் வீடு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பொய்யில்லை. இரண்டு வருஷமாக என் வீட்டில் ஒரு டம்ளரைக்கூட அவள் இடம் மாற்றி வைத்ததில்லை. விருந்தாளி மாதிரிதான் இருந்தாள்.

என் இடுப்பு சரியாகி ஒன்றரை வருஷம் ஆகிறது அத்தான். அக்காவைப் போ என்று நான் சொல்லவில்லை. எனக்கு என்ன, பேச்சுத் துணை. ஆனால் தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்குக் கீழே இறங்கி வந்து, நூல் கண்டைத் தேடுகிற மாதிரி தேடுவாள். அவளுக்கு எதற்கு நூல் கண்டு?

இப்போது காலையில் எழுந்ததும் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போகிறாள். வாடகைக்கு வீடு பார்க்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, தெருமுனை டீக்கடைக்காரர் சொன்னார். உங்களுக்கு நான் சொல்லிவிட்டேன். அவளை வா என்று இப்போது எழுதிவிடாதீர்கள், தாளைக் கிழித்துப் போடுவாள். சும்மாவும் இருக்காதீர்கள். என்ன செய்யவேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்குத் தெரிந்திருந்தால் நானே ஒருத்தனைக் கட்டிக்கொண்டிருப்பேன்.

நான் எழுதியது தெரிந்தால் அளவு நாடாவாலேயே என் கழுத்தை இறுக்கிவிடுவாள்.

தங்கச்சி

மே 30

அன்புள்ள எக்ஸ்ரே அம்மாவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? எனக்கு ஒன்றும் குறைவில்லை.

நீ பதில் எழுதவில்லை. அது சரிதான். இத்துடன் நகராட்சி கொடுத்த காகிதத்தின் நகலை வைத்திருக்கிறேன். நீ கேட்ட சான்று இல்லை, அதற்கு நேர்மாறானது. எந்தத் தேதியிலிருந்து நீ இங்கே குடியில்லை என்று அதில் இருக்கிறது. அந்த அதிகாரிக்கு உதவும். கவரில் போடுவதற்குள் மூன்று தடவை வெளியே எடுத்துவிட்டேன்.

அவர் உன் வீடு எங்கே என்று கேட்டால், என்னை மனசில் வைத்துக்கொண்டு சொல்லாதே. என் மேல் உள்ள கோபத்தை வைத்தும் சொல்லாதே. நான் அப்படிச் சொல்லித்தான் இவ்வளவும்.

மன்னித்துவிடு என்று எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

லைட்காரன்

ஜூலை 6

அன்புள்ள லைட்காரருக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். கால் வலி உண்டு, அது வீடு தேடி அலைந்ததில் வந்தது, போய்விடும். உங்கள் முழங்காலைப் பற்றி மூன்று கடிதமாக ஒன்றும் இல்லையே. என் விலாசம் மாறியிருக்கிறது. கவரின் பின்னால் எழுதியிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் வரி ஆபீஸில் விசாரணை முடிந்தது. தங்கையைக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

"நிரந்தர வீடு இருக்காம்மா?" என்றார்.

"இருக்குங்க. இங்க. என் பேர்ல ரெண்டு அறை. போன மாசம்தான் எடுத்தேன்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி எங்கயும் இல்லீங்க. இருக்குன்னு நெனச்சிட்டிருந்தேன்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். விரலை ஈரத்துணியில் துடைத்துக்கொண்டார். நீங்கள் அனுப்பிய காகிதத்தை எடுத்து நீட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, அந்தத் தேதியிலிருந்தே இங்கேதான் குடி என்று எடுத்துக்கொள்கிறேன் என்றார். இனிமேல் என் பென்ஷனுக்கு வரி இங்கேதான். அங்கே அந்தத் தேதிக்கு அப்புறம் பிடித்ததைத் திருப்பிக் கேட்டு ஆடிட்டர் எழுதுகிறாள். அவளுக்கு இன்னும் ஜலதோஷம் விடவில்லை.

பிறகு அவர் குரலை இன்னும் சின்னதாக்கிக்கொண்டு கேட்டார். "கேட்டே ஆகணும்மா, தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுக்காரர் எங்க?"

"வெளிநாட்டுல."

"பிரிஞ்சிட்டீங்களா?"

இந்த ஆபீஸிலும் வரிசை இருந்தது. எனக்குப் பின்னால் ஒரு கிழவர் இருமிக்கொண்டு நின்றார். உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, இதை எழுதும்போதும் தீரவில்லை. ஒரே வார்த்தையில் நானும் பழி தீர்த்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அந்த வார்த்தையை நீங்கள் எவ்வளவு சுலபமாகச் சொல்லியிருப்பீர்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

"இல்லீங்க. வரவேண்டியவர்" என்றேன்.

"எப்ப?"

"அத அவரத்தான் கேக்கணும்."

எழுதிக்கொண்டார். அவ்வளவுதான்.

ஆடிட்டரிடம் உங்களைப் பற்றியும் விசாரித்துவிட்டேன். நீங்கள் அந்த நாட்டுப் பிரஜை என்பதால், இங்கே வந்து இருந்தாலும் உங்கள் பென்ஷனுக்கு வரி அங்கேயேதானாம். ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டாலும் ஆளுக்கொரு அரசாங்கம். உங்களுக்குப் பிடிக்கும், என் கணக்கில் மூக்கை நுழைக்க வேண்டியதில்லை.

வீட்டைப் பற்றி: ஜன்னல் சைக்கிள் கடையைப் பார்த்து இருக்கிறது, நாள் முழுக்கக் காற்றடிக்கிற சத்தம். சமையலறை சுவிட்சைக் கதவுக்குப் பின்னால் வைத்திருக்கிறான், எந்த மேதாவி வைத்தானோ. இங்கே நான் டம்ளர்களை என் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறேன். எத்தனை பேர் குடியிருப்பீர்கள் என்று வீட்டுக்காரம்மா கேட்டாள். இரண்டு என்று சொல்லித்தான் எடுத்தேன். இரண்டாவது ஆள் வராவிட்டாலும் வாடகை அதேதான், எனக்கு நஷ்டமில்லை.

இதற்கு மேல் இறங்கி வர எனக்குத் தெரியாது. வா என்று நீங்கள் எழுதவில்லையே என்று அத்தனை மாசம் குமுறியவள், இப்போது நானே எழுதுகிறேன். வாருங்கள்.

உங்கள்,
எக்ஸ்ரே அம்மா

ஜூலை 27

அன்புள்ள எக்ஸ்ரே அம்மாவுக்கு,

கால் வலிக்கு நீ ஒத்தடம் கொடு, எனக்குச் சொன்னாயே. நேற்று நகராட்சி வரிசையில் நின்றதற்கு என் முழங்கால் இன்றைக்குக் கொஞ்சம் பேசுகிறது.

உன் கடிதம் வந்து பத்து நாளாகச் சும்மா அலைந்துகொண்டிருந்தேன். சங்கத்துக்குப் போவேன், பீரோவைத் திறந்து மூடுவேன், வந்துவிடுவேன். வந்து அங்கே என்ன செய்யப்போகிறேன், மறுபடியும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேச்சு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று யோசனை. அதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. பதில் கிடைத்த பிறகு கிளம்பலாம் என்றால் ஆயுசு போதாது என்று நேற்றுக் காலையில் தோன்றியது. சட்டையை மாட்டிக்கொண்டு போனேன்.

அதே ஜன்னல், அதே அம்மாள். என்னை அவளுக்கு ஞாபகமில்லை. உன் பெயரைத் திரும்பச் சேர்க்கமுடியுமா என்று முதலில் கேட்டேன். நீ நேரில் வரவேண்டுமாம். சரி, அப்படியானால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன்.

"நாட்டை விட்டுப் போறீங்களா?"

"ஆமா."

"கொஞ்ச நாளைக்கா, நிரந்தரமாவா?"

பின்னால் அதே மாதிரி வரிசை. இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. அவர்கள் நிற்கட்டும் என்று நின்றேன். பிறகு, நிரந்தரமாக என்றேன்.

"போற இடத்து விலாசம்?"

உன் கவரை அறையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். ஆனால் வீட்டு நம்பர், குறுக்குத் தெரு, மாடி, அஞ்சல் எண் எல்லாவற்றையும் நிறுத்தாமல் சொன்னேன். நாய்க்கு வேலையில்லை, நிற்க நேரமில்லை என்கிற மாதிரி பத்து நாளும் அதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன் போல. அவள் தட்டுவதை நிறுத்திவிட்டு முதல் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அங்க ஏற்கெனவே குடியிருந்திருக்கீங்களா?"

"இன்னும் இல்லம்மா" என்றேன்.

லைட்காரன்